ஏழாம் எண் படத்தின் கருப்பு

மதினி வரைந்தவற்றில் ஏழாம் எண் படம், கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். ஆள் உயரம் இருக்கும். முக்கால்வாசி மாம்பழ மஞ்சள். கீழ் மூலையில் அரக்கு, அதற்குள் அங்கங்கே கிளிப்பச்சைத் தீற்றல்கள். மஞ்சளுக்கும் அரக்குக்கும் நடுவே சாண் அகலத்துக்குச் சாய்வாக ஒரு கருப்பு. உருவம் என்று ஒன்றும் கிடையாது. மற்ற படங்களும் அப்படித்தான். பெயர்கூட வைக்கவில்லை, ஒவ்வொன்றின் கீழும் எண் எழுதிய சீட்டு மட்டும்.

மதினி என் கணவரின் அக்கா. சென்னையில் ஓவியம் படித்தவர். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். எங்கள் வீட்டு மாடி அறைதான் அவர் வரைகிற இடம். ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த அறையைக் கேபிள் டிவிக்காரர் ஒருவர் வாடகைக்குக் கேட்டார். யாரும் வாங்காத படங்களுக்கு எதற்கு ஓர் அறை என்றார் என் மாமனார். மதினி சண்டை போடவில்லை. ஒரு கண்காட்சி வைக்கிறேன், ஒரு படம்கூட விற்காவிட்டால் காலி செய்து தருகிறேன் என்றார்.

ஒரு நூலகத்தின் மேல்கூடம் மூன்று நாளைக்குக் கிடைத்தது. மதினிக்குப் பள்ளி நாலு மணி வரை. அதுவரை படங்களோடு உட்கார வீட்டில் இருந்த ஒரே ஆள் நான், பத்து மாதக் குழந்தையோடு. வணிகவியலில் பட்டம் வாங்கியிருந்தேனே தவிர, எதையும் யாருக்கும் விற்றதில்லை. பிள்ளை கையை நீட்டிப் படத்தைத் தொட்டுவிடுமோ, வர்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடை அதற்கு ஒத்துக்கொள்ளுமோ என்ற கவலை வேறு.

முதல் நாள் வந்தவர்கள் எல்லாரும் இது என்ன படம் என்றே கேட்டார்கள். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நானாகவே சொல்லி வைத்தேன்: நீலம் பாபநாசத்து அருவி, பச்சை வாழைத்தோப்பு. ஒரு பெரியவர் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, "அருவின்னா பாறை எங்க தாயி?" என்றார். இரண்டாம் நாள் வாயைத் திறக்கவில்லை. அப்போதும் யாரும் வாங்கவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தியதும் எனக்குப் பார்க்க நேரம் கிடைத்தது. ஏழாம் எண்ணின் மஞ்சள் காலையில் சுவரோடு அடங்கியிருந்து, வெயில் சாயச் சாய முன்னால் வருவதைக் கவனித்தேன்.

மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி மனைவியோடு வந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிய புது வீட்டுக்கு அடுத்த வாரம் பால்காய்ப்பு; கூடத்துச் சுவருக்கு ஒரு படம் வேண்டும். என்ன படம் என்று அவர் கேட்கவே இல்லை. ஏழாம் எண் முன்னால் நின்றுவிட்டார்.

"இந்த மஞ்சளுக்கு இந்த அரக்க யாரு எடுத்துக் குடுத்தா? முப்பது வருசமா சேலை விரிக்கேன், இப்படி ஒரு சேர்மானம் நம்ம கடைக்கு வந்ததில்ல."

விலையிலும் பேரம் இல்லை. அந்த அம்மாள்தான் முகம் சுளித்தார். பால்காய்க்கிற வீட்டில் கருப்பா, வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கருப்ப மட்டும் நீலமா மாத்தச் சொல்லும்மா. இப்பவே எடுத்துக்கிடுதேன்."

சரி என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் மாடி அறை மதினிக்குத் தங்கிவிடும். முடியாது என்று சொல்ல நான் யார்? மாற்றலாம் என்று சொல்லத்தான் நான் யார்? குழந்தையை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். என் தோளில் கிடந்த அதன் நீலத் துண்டை இரண்டு கையாலும் இழுத்து, படத்தில் படாமல் கருப்புக்கு முன்னால் பிடித்தேன். சேலைக்கடையில் கரையை மடித்து உடலை மட்டும் பார்ப்போமே, அந்தப் பழக்கம்தான் கையில் வந்தது.

"இப்பப் பாருங்க அக்கா."

"மஞ்ச வெளுத்துல்லா போச்சு," என்றார் அந்த அம்மாள். துண்டை எடுக்கச் சொன்னார், மறுபடி பிடிக்கச் சொன்னார், மறுபடி எடுக்கச் சொன்னார். பிறகு தன் இடுப்பிலிருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "பிள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கத்தானே செய்யுதோம். வீட்டுக்கும் இருந்துட்டுப் போட்டும்."

"முப்பது வருசமா நான் சொல்லிக் கேக்காதவ, துண்டு சொல்லிக் கேக்குதா பாத்தியாம்மா," என்றார் அண்ணாச்சி.

அவர்கள் போன பிறகு மனம் அடித்துக்கொண்டது. இது திருஷ்டிப் பொட்டு இல்லை அக்கா என்று சொல்லியிருக்க வேண்டுமோ? ஓர் ஓவியத்தைத் திருஷ்டிக்கு விற்றுவிட்டேனோ? நாலு மணிக்கு மதினி வந்ததும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் விலையைக் கேட்கவில்லை.

"மஞ்ச வெளுத்துப் போச்சுன்னு அவங்களாவா சொன்னாங்க?"

ஆமாம் என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். பிறகு என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படமாக அதற்குக் காட்டிக்கொண்டே கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

கேபிள்காரர் வேறு மாடி பார்த்துக்கொண்டார். மூத்தவள் இப்போது ஒன்றாம் வகுப்பு, இளையவன் இடுப்பில். மதினியின் படங்கள் எங்கே வைத்தாலும் நான்தான் உட்காருகிறேன். வெந்நீர் பிளாஸ்க்கை வீட்டில் விட்டுவிட்டேனோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வருமோ என்று மனம் இன்னும் ஓடத்தான் செய்கிறது. படங்களைப் பற்றி மட்டும் அந்தத் தடுமாற்றம் இல்லை. போன மாதம் ஒரு டாக்டர், பச்சைப் படம் ஒன்று பிடித்துப்போய், ஓரத்துச் சிவப்பைக் கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். அவர் போகவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் படத்தின் எதிரில் போட்டேன்.