சுழி நடுங்கிய கடிதம்

தல்லாகுளத்தில் ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அப்பாவின் இன்லண்ட் லெட்டரிலும் இதே வாடைதான் அடிக்கும்.

அப்பா திருப்பூரில் கடைகளுக்குப் போர்டு எழுதினார். கடிதத்தையும் படம் வரைவதுபோலத்தான் எழுதுவார். படிக்கத் தெரியாத அம்மா, நான் வாசிக்கும் முன்பே வாங்கி வெகுநேரம் பார்ப்பாள்.

ஒருமுறை, "நான் சௌக்கியம்" என்று வாசித்தேன்.

"சொல்லுவாரு! சுழி எம்புட்டு நடுங்கிருக்கு பாரு. மனுசன் காய்ச்சல்ல கெடக்காரு. சட்டியில இருக்கறதுதானே அகப்பையில வரும்? நான் போறேன், நீ அத்தை வீட்ல இரு."

அன்றே ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினாள். அப்பா அங்கே எழுந்திருக்கக்கூட முடியாமல்தான் கிடந்தாராம்.

இப்போது சென்னையிலிருந்து என் மகன், "நல்லா இருக்கேன்மா" என்று செல்போனில் அனுப்புகிறான். அந்த எழுத்துகள் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கின்றன. நான் எந்த நாளில் பஸ் ஏறுவது?