டார்பாக்ஸ் வேலிக்குள் ஓரிடம்

எழுத்து மங்கிய கல்லறைக் கல்லை ஆல்மைரா தொடமாட்டாள். சற்றுத் தள்ளி மண்டியிட்டு, கைக்கண்ணாடியைக் கோட்டுக் கையில் ஒருமுறை துடைப்பாள். பிறகு வெயிலைப் பிடித்துக் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்ப்பாள். வெறும் பலகையாகத் தெரிந்ததில் ஒரு பெயர் மெல்ல எழும். உதடசையாமல் படித்துவிட்டுக் கண்ணாடியை மடியில் கவிழ்த்துக்கொள்வாள்.

மாசசூசெட்ஸில் எங்கள் ஊர்ச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பிறந்தது, கதியற்றவர்களை ஊர்ச் செலவில் வைத்திருக்கும் ஏழைப் பண்ணையில். நாதியற்றவர்களை அந்தப் பண்ணைக்குப் பின்னால்தான் புதைப்பார்கள். பெயர் கிடையாது, எண் பொறித்த ஒரு கட்டை. அவள் அம்மாவும் அங்கே ஓர் எண்தான். சாகுமுன் அம்மா கொடுத்துப்போனது சில பெயர்களை மட்டும்: தன் தாய், அவளுடைய தாய், அவர்களின் கணவர்கள் என்று மேலேறி, பேஷன்ஸ் டார்பாக்ஸ் வரை. இங்கே முதலில் குடியேறிய எல்நேதன் டார்பாக்ஸின் பேத்தி அந்த பேஷன்ஸ். எல்நேதனின் வம்சம் என்று நிரூபித்தால், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் குடும்பத்துக்கென்று அடைத்த டார்பாக்ஸ் வேலிக்குள் ஆல்மைராவுக்கும் ஓரிடம் கிடைக்கும், பெயரோடு.

ஒரு வசந்தத்தில், பனி உருகிய மண் அந்த வேலிக்குள் ஒரு சிறு கல்லை மேலே தள்ளியிருந்தது. ஆல்மைரா கண்ணாடியைச் சாய்த்தாள். பேஷன்ஸ், எல்நேதனின் பேத்தி, வயது இரண்டு.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வேலிக்குப் பொறுப்பான டீக்கன் ஹோரஸ் டார்பாக்ஸிடம் தானே போய்ச் சொன்னாள். நான் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ரெண்டு வயசுல செத்த குழந்தைக்குப் பேரன் பேத்தியா? நல்ல வம்சம்தான், போ!" டீக்கன் சிரித்தார்.

"செத்த குழந்தையோட பேரை அடுத்த குழந்தைக்கு வைக்கிறது வழக்கம்தானே, டீக்கன்? உங்க தாத்தா காலத்துலயே ரெண்டு ஹோரஸ் இருந்தாங்களே."

"இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் கல்லு இருக்கு. உன் ரெண்டாவது பேஷன்ஸ் எங்க?"

"தேடிக் கொண்டாறேன்."

"சீக்கிரம் தேடும்மா. உன் இருமல் கேட்கவே நல்லால்ல."

அதன்பின் ஞாயிறுதோறும் சுற்றுவட்டாரக் கல்லறைத் தோட்டங்களுக்கு நடந்தாள். நாங்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் துணிந்து கேட்டேன்.

"கிடைச்சாங்களா, மிஸ் ஆல்மைரா?"

"இன்னைக்கு மெர்சின்னு பேரு வெச்ச மூணு பேரு, கிணத்துல விழுந்த ஒருத்தன், இடி விழுந்து செத்த ஒருத்தன். நம்மாளு மட்டும் இல்ல. அந்த அவரையை இப்படித் தள்ளு, தம்பி."

பிப்ரவரியில் இறந்தாள். நிலம் கல்லாக உறைந்திருந்ததால், மற்றப் பிணங்களோடு ஊர்ப் பிணவறையில் அவளும் பனி உருகும்வரை காத்திருந்தாள். ஏப்ரலில் பண்ணைக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். கட்டையை அடித்து இறக்கியவன், எண் நேராக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். நேராகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அடுத்த ஊரில் ஒரு பழைய களஞ்சியத்தை இடித்தபோது வாசற்படிக் கல்லைப் புரட்டியிருக்கிறார்கள். அடிப்பக்கம் முழுக்க எழுத்து. பேஷன்ஸ், எல்நேதன் டார்பாக்ஸின் பேத்தி, வயது எழுபத்தொன்று. கணவன் பெயரும் இருந்ததாம், ஆல்மைரா சொல்லிவந்த அதே பெயர்.