தடுப்பூசிக்கு வழிவிட்டவர்

பாலித் தீவுக்குச் சுற்றுலா போவதற்கு முன் டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள நாமக்கல்லில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கேதான் அந்தக் கோழிப்பண்ணைக்காரரைப் பார்த்தேன். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, சலவை வேட்டி. நர்ஸ் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து நிற்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், "நீங்க போங்க சாமி, எனக்கு அவசரமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இந்தக் காலத்தில் இப்படியொரு பெருந்தன்மையா என்று அசந்துபோனேன்.

பேச்சுக் கொடுத்தேன். அவரும் பாலிக்குத்தானாம். கோழித்தீவனக் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு கூட்டிப் போகிறார்களாம்.

"ஊட்டுல பெட்டியெல்லாம் கட்டியாச்சுங்க. இந்த ஊசி ஒண்ணுதான் பாக்கி" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, கோழிக்குஞ்சுக்குக் கண்ணுல ஒரு சொட்டு உடறோம். இல்லாட்டி தண்ணியில மருந்தைக் கலந்து வெக்கிறோம். மனுசனுக்கு மட்டும் எதுக்குங்க குத்தோணும்?"

"கோழிக்கு ஊசியே கிடையாதா?"

"வளந்த கோழிக்கு உண்டுங்க. அன்னிக்கு நான் பண்ணைப் பக்கமே போறதில்லீங்க."

நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். அவர் எழுந்தார், வேட்டியைச் சரிசெய்தார், என் தோளைத் தொட்டார்.

"நீங்க போங்க சாமி."

பாலியில் இருந்த நாளெல்லாம் கடற்கரையில் அந்த மீசையைத் தேடினேன். கண்ணில் படவே இல்லை. இன்னமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாருக்காவது வழிவிட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே போகிறவரும் என்னைப் போலவே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு போவார்.