மகாராணியின் இடப்பக்கம்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டி இந்தா என்றால் நேரே பார்த்துக்கொண்டு நடந்து போவாள். உடை மாற்றும் அறையில் யாராவது ஜோக் சொன்னால், எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, போனால் போகிறதென்று ஒரு புன்னகை தருவாள். திமிர் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

உண்மையில் அவளுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது, காது மட்டும் திரும்பி வரவில்லை. வீட்டில் அது தெரியவே வெகுநாள் ஆயிற்று. முன்னறைதான் அப்பாவின் டயர் கடை. கம்ப்ரசர் ஓடும்போது அந்த வீட்டில் உப்பு கேட்பதும் சண்டை போடுவதும் ஒரே குரலில்தான் நடக்கும். போனை எப்போதும் வலது காதிலேயே வைக்கிறாளே என்று அம்மாவுக்கு ஒருநாள் சந்தேகம் தட்டியது. நரம்பே போய்விட்டது, மெஷின் வைத்தும் பயனில்லை, இன்னொரு காது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியிலேயே அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், வெளியில் மூச்சு விடக்கூடாது என்று.

"ஒரு பேரு வச்சுட்டாங்கன்னா அது கடைசி வரைக்கும் போகாதுடி."

அதனால் பெண் மறைத்து வாழக் கற்றுக்கொண்டாள். வகுப்பில் இடது ஓரத்து இருக்கை. தெருவில் நடந்தால் எப்போதும் மற்றவர்களுக்கு இடப்பக்கம். உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள். மீதிக்குத் தலையாட்டிவிடுவாள்.

ஆனால் கூடைப்பந்துக் களத்தில் ஓரம் பார்த்து உட்கார முடியாது. அவளோ விளையாடியது கார்டாக. பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பாதிக்குக் கொண்டுபோய், யார் எங்கே ஓடவேண்டும் என்று ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. ஆள் குள்ளம், கால் வேகம், பந்து கையோடு தைத்து வைத்தது போலிருக்கும். அதைப் பார்த்துத்தான் கோச் எடுத்தார். முதல் போட்டியில், இடப்பக்கம் ஆள் வருகிறது என்று நான்கு பேர் கத்தியும் அவள் திரும்பவில்லை. எதிரணிக்காரி வந்து, தன் பொருளை எடுத்துக்கொள்வது போலப் பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். அடுத்த முறையும் அதே கதை. கோச் அவளை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த வருடம் முழுக்க பெஞ்சுதான்.

"இவளுக்குக் கை இருக்கு, கால் இருக்கு. காதுதான் கிடையாது" என்று கோச் அலுத்துக்கொண்டபோது அணியே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைத் தொடவில்லை.

விட்டுவிடலாம் என்ற யோசனை அவளுக்கு வரவே இல்லை. கேட்காததைப் பார்த்துவிட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டாள். டயர் கடைத் தெருவில் வண்டிகள் நுழைந்து விலகும் நேரமாகப் பார்த்து அதற்குள்ளேயே பந்தைத் தட்டிப் பழகினாள். ஒவ்வொரு தட்டுக்கும் கழுத்து இடப்பக்கம் திரும்பும். லாரி டிரைவர்கள் திட்டினார்கள். "கழுத்துல சுளுக்கா?" என்று அப்பா கேட்டார். இரண்டாம் வருடம், களமிறங்கும் முதல் ஐவரில் இடம் கிடைத்தது. சில போட்டிகளில் நன்றாகவே ஆடினாள். விஷயம் தீர்ந்தது என்று நினைத்தாள்.

தீரவில்லை. ஓர் ஆட்டத்தில் அவள் எதிரணியின் கார்டைத் துரத்திக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வந்து இடப்பக்கம் தூண் போல நின்று வழியை மறித்தாள். ஸ்க்ரீன் என்பார்கள். பின்னால் நிற்பவள்தான் கத்தி எச்சரிக்க வேண்டும். பின்னால் நின்றது அணித் தலைவி. நெட்டை என்பது அவள் பட்டப்பெயர். தொண்டை கிழியக் கத்தினாள். மகாராணி முழு வேகத்தில் போய் மோதி விழுந்தாள். காலியான வழியை அடைக்க ஓடிவந்த நெட்டையின் கால், கீழே கிடந்தவள் மேலேயே இறங்கிக் கணுக்கால் மடங்கியது. ஆட்டமும் போயிற்று.

முதலுதவி அறையில் காலில் ஐஸ் பையோடு படுத்திருந்தாள் நெட்டை. மகாராணி கட்டிலைச் சுற்றி வந்து, வலது காது அவள் பக்கம் இருக்கும்படி நின்றாள்.

"நான் கத்துனது கேக்கல உனக்கு?"

"கேக்கலக்கா."

"பொய் சொல்லாத. கேலரில இருக்கவனுக்கே கேட்டுச்சு."

"எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுலருந்தே. யார்கிட்டயும் சொன்னதில்ல."

நெட்டை ஐஸ் பையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒன்னரை வருஷமா உன்னைத் திமிரு பிடிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

மறுநாள் கோச்சிடம் மகாராணியே போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை, பயந்துவிட்டார். இன்னொருத்திக்கும் கால் போனால் யார் பதில் சொல்வது என்றார். மூலையில் நின்று பந்து வந்தால் கூடைக்கு எறி, கார்டு வேலையை வேறொருத்தி பார்க்கட்டும் என்று முடித்தார்.

"மூலையில நிக்கறதுக்கு நான் வரல சார். ஒரு பிராக்டிஸ் மேட்ச் குடுங்க. அதுலயும் சொதப்புனா நானே போய் நிக்கறேன்."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

நெட்டை ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இரண்டு பேருமாகக் கை சைகைகளை உண்டாக்கினார்கள். மடக்கிய கைக்கு ஒரு ஆட்டம், தலையில் வைத்த உள்ளங்கைக்கு இன்னொன்று. தடுக்கும்போது நிற்கும் கோணத்தையும் மகாராணி மாற்றினாள். இடப்பக்கத்தைக் கண்ணுக்கும் வலப்பக்கத்தைக் காதுக்கும் பிரித்துக்கொடுத்தாள். ஒருத்திக்காக எல்லாரும் ஏன் ஊமை விளையாட்டுக் கற்க வேண்டும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். கத்தி ஜெயித்த கோப்பையெல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது, காட்டு பார்க்கலாம் என்று நெட்டை கேட்டதும் பேச்சு அடங்கியது.

பிராக்டிஸ் மேட்ச்சின் முதல் பாதி கண்ராவி. ஒரே சைகைக்கு இரண்டு பேர் ஒரே மூலைக்கு ஓடி முட்டிக்கொண்டார்கள். இடைவேளையில் அவள் யார் மேலும் பழி போடவில்லை. சைகைகளில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழப்பாத நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டாள். இரண்டாம் பாதியில் பந்து அவளிடமிருந்து ஒருமுறைகூடப் பறிபோகவில்லை. கோச் பாராட்டவில்லை. "சரி, பந்து உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அவளுக்கு அது போதும்.

விஷயம் வெளியே பரவி அம்மா வரைக்கும் வந்தது. இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்ததைத் தெருவில் கொட்டிவிட்டாயே என்று அம்மா அழுதாள்.

"பேரு ஏற்கெனவே வச்சுட்டாங்கம்மா. திமிரு பிடிச்சவன்னு. அதுக்கு இது எவ்வளவோ தேவலாம்."

அம்மா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா அடுத்த போட்டிக்குக் கடையை அடைத்துவிட்டுக் கிரீஸ் சட்டையோடு வந்தார். தெரியாமல் எதிரணி ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மகள் பந்தைத் தொடும்போதெல்லாம் எழுந்து கத்தி, எல்லாரிடமும் முறைப்பு வாங்கினார்.

அரையிறுதி எதிரணியின் அரங்கத்தில் நடந்தது. மேலே தகரக் கூரை. உள்ளே நுழைந்ததுமே, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்குச் சத்தம். தகர டப்பாக்கள், விசில், பெஞ்சை உதைக்கும் கால்கள். வந்த அணியை மிரட்டத்தான் அவ்வளவும். ஆனால் அதில் சிக்கிக்கொண்டது அவர்களுடைய ஆட்கள்தான். அவர்கள் கோச் கத்தக் கத்த, அந்தப் பெண்கள் என்ன என்ன என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மகாராணி ஒரு கையால் பந்தைத் தட்டினாள், மறு கையைத் தலையில் வைத்தாள். கால் தேறி வந்திருந்த நெட்டை வளையத்துக்குக் கீழே வெட்டி ஓடினாள். பந்து அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அன்று முழுக்க அப்படித்தான். யாரும் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்தார்கள்.

இறுதிப் போட்டியில் தோற்றார்கள். கடைசிப் பந்தை அவள்தான் எறிந்தாள். வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. சரியான இடத்திலிருந்துதான் எறிந்தாள், யார் மேலும் குற்றமில்லை. நெட்டைக்கு அதுவே கல்லூரியின் கடைசி ஆட்டம். பேருந்தில் அவள் மகாராணியின் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, அடுத்த வருடம் நீதான் தலைவி, அழுது முடித்துவிட்டால் சொல், நிறைய வேலை இருக்கிறது என்றாள்.

மூன்றாம் வருடம் அவள் தலைவியாக ஆடினாள். படிப்பு முடியும் முன்பே ஒரு கிளப் தேர்வுக்கு அழைத்தது. போனதுமே, பந்தைத் தொடுவதற்கு முன், அந்த அணியின் பெண் பயிற்சியாளரிடம் காதைப் பற்றிச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. இடது கை எப்படி?"

"அது நல்லா வேலை செய்யும் மேடம்."

"எங்க, போட்டுக் காட்டு."

காட்டினாள். எடுத்துக்கொண்டார்கள். இப்போது அங்கே இரண்டாவது கார்டு. முதல் கார்டு அவளைவிட மூத்தவர், பலசாலி, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதவர். காலையில் இருவரும் எதிரெதிரே ஆடுகிறார்கள். பெரும்பாலும் அவர்தான் ஜெயிக்கிறார். போன வாரம் இவள் இரண்டு முறை பந்தைப் பிடுங்கினாள். மூன்றாவது முறை முழங்கையால் ஒரு குத்து வாங்கினாள். மறுநாள் எல்லாருக்கும் முன்பே களத்துக்குப் போய், கதவு திறக்கக் காத்திருந்தாள்.