முகம் தெரியாத சுவரொட்டி

முகம் தெரியாது என்று நம்பவைத்து ஒரு பெண்ணின் கழுத்தைப் படம் பிடிக்க வைத்தேன். அந்தப் படத்தால் அவருடைய மகளின் கல்யாணம் நின்றுபோனது. தவறு முழுவதும் என்னுடையது.

அறுபதுகளின் தொடக்கம். படிப்பு முடிந்த கையோடு ஒரு சுகாதாரப் பிரசாரக் குழுவில் தமிழ்ப் பேச்சாளனாகச் சேர்ந்திருந்தேன். சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் கடலோரக் கம்பத்தில், அந்தப் பலகை வீட்டுக் கிராமத்தில், வீடு வீடாகப் போய், கழுத்தில் கழலை வராமலிருக்க அயோடின் கலந்த உப்பை வாங்கச் சொல்வது என் வேலை. வாசலில் கடலே கிடக்க, இன்னோர் உப்பு எதற்கு என்று பெண்கள் சிரிப்பார்கள். “சாருக்கு வேற வேலை இல்ல லா” என்பார்கள். சிரிக்காமல் கேட்டவர் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு முன்கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கழலை. “என் மவளுக்கு இது வராம இருக்குமா தம்பி?” என்று ஒருநாள் கேட்டார். அந்தக் கவலையைப் பிடித்துக்கொண்டுதான் பிரசாரச் சுவரொட்டிக்கு அவர் கழுத்தைப் படம் எடுக்கச் சம்மதம் வாங்கினேன்.

சொன்னபடி முகவாய்க்குக் கீழே மட்டும்தான் அச்சாகியிருந்தது. ஆனால் கழலைக்குக் கீழே தாலியும் விழுந்திருந்தது. அந்தக் கம்பத்தில் சிலுவை பதித்த தாலி அவர் ஒருவர் கழுத்தில்தான் உண்டு. தாலியைக் கொண்டே வீட்டைச் சொல்லிவிடுவார்கள் என்பது தமிழனான எனக்குத் தெரியாததா? கழலை தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டுமே பார்த்தேன். கம்பத்து மளிகைக்கடையில் சுவரொட்டி ஏறியது. ஞாயிறு பூசை முடிவதற்குள் பேச்சு நகரத்துக்குள் தேக்காவில் இருந்த மாப்பிள்ளை வீட்டை எட்டிவிட்டது. பரம்பரை நோய் என்று நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஒட்டிய இடங்களுக்கெல்லாம் போய் நானே கிழித்தேன். பிறகு மாப்பிள்ளையின் தாயாரைப் போய்ப் பார்த்தேன். இது ரத்தத்தில் வருவதல்ல, உணவில் உள்ள குறை, இந்த உப்பைச் சேர்த்தால் அந்தப் பெண்ணுக்கு வராது என்று மன்றாடினேன். காப்பி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது புரியுது சார். உப்பு வாங்கிக்கிறோம். பொண்ணு வேணாம்.”

அந்தப் பதிலை அக்காவிடம் மறைக்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. “உப்பு வாங்குறேன்னாங்களா?” என்று கேட்டார். தலையசைத்தேன். “அப்ப உங்க வேலை நடந்திருச்சு தம்பி” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அந்த மாதமே வேலையை விட்டேன். அதனால் அவர்களுக்கு ஆனது ஒன்றுமில்லை.

வெகுகாலம் கழித்து, புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி ஒன்றின் கீழே அந்த மகளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு நின்றாள். அம்மா போய்விட்டார், தான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்றாள். நான் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழலை இல்லை. என் பார்வை போன இடத்தைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.