மாற்று ஆட்டக்காரியை அழைத்த நிமிடம்

தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தாறு வருடம் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தேன். ஜெயித்த ஆட்டங்கள் பலவும் மறந்துவிட்டன. தோற்ற ஓர் ஆட்டம் மட்டும் நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதி அது. தை மாதம், எங்கள் மைதானம். கோல் அடிப்பதற்கு நாங்கள் நம்பியிருந்த பெண் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்த இருவர் ஷாமியானா நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்பது அவள் கணக்கு. அறுப்பு மெஷின் வயலில் இறங்கும் நாளென்றும் பாராமல் அவள் அப்பா வந்திருந்தார். மகள் விளையாடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஆளுக்கு ஒரு கோல். இருபது நிமிடம் மிச்சம். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்ட அவள் எம்பினாள். எதிரணிப் பெண்ணும் எம்பினாள். இரண்டு தலைகளும் மோதிய சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அந்தப் பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இவள் எழச் சற்று நேரமானது.

ஐஸ் பையோடு ஓடினேன். ஒன்றுமில்லை என்று சிரித்தாள். ஸ்கோர் என்ன என்று கேட்டேன்.

"ரெண்டுக்கு ஒண்ணு மேடம். நாமதான் முன்னால."

எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று கேட்டேன். எங்கள் கோல்கம்பத்தையே காட்டினாள்.

நடுவர் அவசரப்படுத்தினார். வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம் நான் செய்த ஒரு காரியம் அப்போது நினைவுக்கு வந்தது. ஓர் இறுதியாட்டத்தில் முழங்கால் பிசகிய பெண்ணுக்கு இறுக்கமாகக் கட்டுப்போட்டு நானே திரும்ப உள்ளே அனுப்பினேன். கோப்பை கிடைத்தது. அந்தப் பெண் அதற்குப்பிறகு ஓடவேயில்லை. அவள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணமேடைப் படிகளில் ஒவ்வொரு காலாக, பக்கவாட்டில் ஏறினாள். நான் சாப்பிடாமல் திரும்பி வந்தேன்.

மாற்று ஆட்டக்காரியைக் கைகாட்டி அழைத்தேன்.

இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை விட்டா எனக்கு வேற ஆட்டம் இல்ல மேடம். எடுக்காதீங்க."

விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. கோட்டுக்கு வெளியே கூட்டிவந்தபோது அவள் அப்பா எதிரில் வந்து நின்றார்.

"நிக்கிறா, நடக்கிறா, பேசுறா. அப்புறம் என்னங்க?"

"அதே எடத்துல இன்னொரு அடி பட்டா, என்னால உங்களுக்குப் பதில் சொல்ல முடியாதுங்க."

அவர் மகள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். உள்ளே போனது முதல் வருடப் பெண். பயத்தில் பந்து வரும் இடத்தை விட்டு விலகி விலகி ஓடினாள். ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தபோது எதிரணி கோல் போட்டது. ஷாமியானாவில் இருந்தவர்கள் இன்னொரு பெண்ணின் பெயரைக் குறித்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என்னைப் பார்க்கவேயில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே, அந்தப் படத்தில் ஏதாவது தெரிய வேண்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்றும் தெரியவில்லை. மூளை குலுங்கியிருக்கிறது, இரண்டு வாரம் ஓய்வு போதும் என்றார் டாக்டர். அப்பா டாக்டரைக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பாமலே மகளைக் கூட்டிப்போனார். வீணாக ஆட்டத்தைக் கோட்டைவிட்டேன் என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். பல நாள் எனக்கே அப்படித்தான் தோன்றியது. வழியனுப்பு விழாவுக்கு அவள் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து அவள் அப்பா போன் செய்தார். ஒதுக்கீடு இல்லாமலே பரீட்சை எழுதி, முதல் தடவை தோற்று, அடுத்த தடவை போலீஸில் சேர்ந்துவிட்டாளாம். அவர் தொடர்ந்தார்.

"அன்னிக்கு நீங்க செஞ்சது சரின்னு நான் இப்பவும் சொல்லலைங்க. தகவல் சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

அவளிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். போனைப் பொத்திக்கொண்டு அவர் யாரிடமோ ஏதோ கேட்பது மங்கலாகக் காதில் விழுந்தது. பிறகு, அவள் டியூட்டிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார்.