வெல்டிங் செட் ஓரமாக இழுத்த வயர்

போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை கையிலிருந்த போனை ஒரு தடவு தடவினார். எதிர்ச் சுவரில் இருந்த பெரிய டிவியில் கல்யாணப் போட்டோக்கள் வந்து நின்றன. நடுவே வயர் என்று ஒன்றும் கிடையாது. நான் எழுந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். "என்ன அத்தை தேடறீங்க?" என்று சிரித்தார். "ஒண்ணுமில்ல மாப்ளே, சும்மா" என்றேன். சும்மா எல்லாம் இல்லை. படம் எந்த வழியாக வருகிறது, இங்கேயிருந்து ஏதாவது திரும்பிப் போகிறதா என்று பார்க்காமல் எனக்கு உட்கார்ந்திருக்க முடியாது.

நான் அப்படிப்பட்ட ஆள். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். கிருஷ்ணகிரி மண்டியில் மாம்பழம் வாங்கப் போனால் கூடையின் அடியில் இருப்பதைத்தான் முதலில் எடுத்துக் காட்டச் சொல்வேன். வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்றே பெயர். ஒரு காலத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை அவர்கள் தெருவில் யாரோ ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். நினைப்பில் நேராக ஓசூருக்குப் போய்விட்டேன், தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு.

வண்டிகளுக்கு சைலன்சர் செய்யும் கம்பெனி அது. கீழே ஷெட். மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் கம்ப்யூட்டர், ஏ.சி., அப்புறம் நான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் யாரும் உள்ளே வர வேண்டும். ஏ.சி. எனக்கென்று நினைத்துவிடாதீர்கள், கம்ப்யூட்டரை அணைத்தால் அதையும் அணைத்துவிடுவார்கள். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை சைலன்சர் முடிந்தது என்று கீழேயிருந்து சீட்டு வரும், நான் தட்டிச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் யாரும் கேட்காமலே எனக்கு விடுவார்கள், கம்ப்யூட்டர் மேடம் அல்லவா!

எங்கள் மேனேஜர் வேறொரு ஊரில் ஏதோ தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஷெட்டிலும் ஒரு டிவி தொங்க வேண்டும், மணிக்கு மணி கணக்கு அதில் ஓட வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் மாடியில், டிவி ஷெட்டின் அந்தக் கோடியில். எலெக்ட்ரீஷியன் பாஷா பாய் ஒரு ரோல் கருப்பு வீடியோ கேபிள் வாங்கி வந்தார். ஜன்னல் வழியாக நுனியைக் கீழே விட்டுவிட்டு, "மேடம், செவுத்தோரமா சுத்திப் போயிரலாம். வெல்டிங் செட்டுப் பக்கம் வேணாம், அந்த வயரு சும்மா இருக்காது" என்றார்.

சுற்றிப் போனால் ரோல் பத்தாது. நடுவில் ஒட்டுப் போட்டால் படம் மங்கும் என்று எங்கேயோ படித்து வைத்திருந்தேன். அதோடு, பாய் வேலையை இழுத்தடிக்கப் பார்க்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம். "நேரா இழுங்க பாய்" என்றேன். அவர் மூன்றாவது லைனின் வெல்டிங் செட் ஓரமாகவே இழுத்துக் கட்டிவிட்டார்.

டிவி ஓடத் தொடங்கிய அன்றே கீழே பேச்சு மாறிவிட்டது. யூனியன் சம்பள ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். "படம் வருதுன்னா இங்கருந்து படம் போவாதா?" என்று ஒருத்தர் கேட்டாராம், ஷெட்டே நம்பிவிட்டது. டீ குடிப்பவர்கள் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். இன்னொருத்தர் வேண்டுமென்றே அதன் எதிரில் நின்று பீடி பற்றவைத்து, மாடியிலிருந்து யாராவது இறங்கி வருகிறார்களா என்று சோதித்தார். நானும் மாடியிலிருந்து அவர்களைச் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் டிவியில் படம் அடிக்கடி நடுங்கியது, கோடு கோடாக ஓடியது.

மூன்றாவது லைன் வெல்டர் மாதேஷ். தற்காலிக ஆள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார், கோபம் வந்தால் தெலுங்கு. இரண்டு வருஷம் கழித்து அந்த மாதம்தான் அவர் பெயர் பெர்மனென்ட் லிஸ்டில் ஏறியிருந்தது. ஒரு நாள் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"மேடம், அந்த டிவி என்னைப் பாக்குதுங்களா?"

"அது எப்டிண்ணா பாக்கும்?" என்று சிரித்தேன்.

"இல்லம்மா, நான் வெல்டிங் ராடு வெச்சா நடுங்குது. நிறுத்தினா கம்முனு நிக்குது. பேக்காதுரெ பந்து நோடி, வேணும்னா வந்து பாருங்க."

ஜன்னலில் நின்று பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. அவர் லீவு போட்டு அந்த வெல்டிங் செட் சும்மா கிடந்த நாளில் படம் ஆடாமல் நின்றது. கொஞ்சம் புத்தி உள்ளவளாக இருந்தால் அங்கேயே வயரைப் பற்றி யோசித்திருப்பேன். சி.ஐ.டி.க்கு வயர் தோன்றவில்லை, ஆள்தான் தோன்றியது. யூனியன்காரர்கள் இவரை விட்டு ஏதோ செய்யச் சொல்கிறார்கள், நம்மிடமே வந்து ஆழம் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். எந்தெந்த நேரம் படம் ஆடுகிறது, அப்போது மாதேஷ் இருக்கிறாரா என்று ஒரு நோட்டில் குறிக்கவும் தொடங்கினேன்.

தலைமை ஆபீஸிலிருந்து பெரியவர்கள் வந்த அன்று டிவியில் எழுத்தே தெரியவில்லை, முழுக்கக் கோடு. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. சூப்பர்வைசர் ஓடிப் போய்ப் பார்த்தால், மாதேஷ் ஒரு கையால் எங்கள் கேபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ராடு வைத்துக்கொண்டிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்த மாதிரி மாடிக்குக் கூட்டி வந்தார்கள். "வயர தூக்கினா படம் நிக்குது சார், கீழ வெச்சா ஆடுது சார்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனை பேரில் உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். யாரும் காது கொடுக்கவில்லை.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "என்னம்மா, இவன்தானா?"

நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். "இவரு இருக்கறப்ப மட்டும்தான் சார் ஆடுது."

அன்று சாயந்திரமே நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறொருவர் நின்று வெல்டிங் செய்தார். படம் அதேபோல நடுங்கியது. பாஷா பாய் வந்து வயரைப் பார்த்தார், நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம். புது ரோல் வாங்கி, நடுவில் ஒட்டுப் போட்டு, சுவரோரமாகச் சுற்றி இழுத்தார். படம் கல் மாதிரி நின்றது. ஆட்டியது மாதேஷ் இல்லை, வெல்டிங் செட்டில் ஓடிய கரண்ட்.

மேனேஜரிடம் சொல்லத்தான் எழுந்தேன். கதவு வரை போனேன். அதே பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயரும் இருந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். பயம், வேறு பெயர் எதற்கு அதற்கு?

சில மாதம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மாதேஷைப் பார்த்தேன். கண்டும் காணாத மாதிரி நகரப் பார்த்தேன், அவரே கிட்டே வந்தார். அத்திப்பள்ளியில் ஒரு கிரில் பட்டறையில் வேலையாம், சாப்பாட்டுக்குப் பரவாயில்லையாம்.

"மேடம், அந்த டிவி இப்ப எப்டி இருக்குது?"

"நல்லா நிக்குதுண்ணா."

அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்ப நான்தான்மா. என் கையிலதான் ஏதோ இருக்குது. ஊட்ல ரேடியோவக்கூட நான் தொடறதில்லீங்க இப்ப."

ஐயோ, வாயைத் திறந்தேன். கிருஷ்ணகிரி பஸ் உள்ளே நுழைந்தது. எல்லாரும் இடம் பிடிக்க ஓடினார்கள், நானும் ஓடினேன். அடுத்த பஸ் அரை மணியில் வரும் என்று எனக்குத் தெரியும்.

மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது ஓசூரில் இறங்கினேன். ஷெட் இல்லை, மாடி இல்லை, அந்த இடத்தில் யாருடையதோ ஒரு கோடவுன். பாஷா பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கேட்டில் இருந்த பெரியவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். முன்பு இங்கே வெல்டராக இருந்த மாதேஷ் என்றேன்.

"இந்தப் பக்கம் வீட்டுக்கொரு மாதேஷ் இருப்பாங்களேம்மா. எந்த ஊரு மாதேஷுங்க? அப்பா பேரு என்னா?"

வெயிலில் நின்று யோசித்துப் பார்த்தேன். அவர் எந்த நிமிஷம் ராடு வைத்தார், எந்த நிமிஷம் எடுத்தார் என்று எழுதி வைத்தவள் நான். எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.